மூதாதையரைத் தேடும் பெட்டி: வம்சாவளி ஆவணங்கள் இணையத்துக்கு மாறும்போது யார் கிடைக்கிறார்கள், யார் தொலைகிறார்கள்?

வம்சாவளி என்பது நம் சமூகத்தில் நீண்ட காலம் உடைமையுள்ளோரின் உரிமையாகவே இருந்தது. நிலம் வைத்திருந்தவருக்குப் பட்டா இருந்தது. கோயில் மரியாதை பெற்றவருக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. கணக்குப்பிள்ளை வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு ஏடுகள் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர்கள் இவற்றில் இடம்பெற்றபோதும், பெரும்பாலும் அடிமை ஓலைகளில், நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் உடைமையாகவே இடம்பெற்றன. ஆகவே, ஒரு தலித் குடும்பம் தன் முன்னோரை நான்கு தலைமுறைக்கு அப்பால் எழுத்துச் சான்றோடு காட்டுவது இன்றும் அரிதாக இருக்கிறது. காரணம் மறதியன்று, எழுதும் அதிகாரம் பிறர் கையில் இருந்ததே.

இப்போது உலகின் பல பகுதிகளில் பழைய ஆவணங்கள் காகிதத்திலிருந்து தேடத்தக்க இணையத் தரவுத்தளங்களுக்கு மாறிவருகின்றன. ஒரு பெயரைத் தட்டினால் முன்னோரின் ஊரும் வயதும் திரையில் தோன்றுகின்றன. இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால், எந்தப் பத்தி தேடலுக்குத் திறக்கிறது, எது மூடப்படுகிறது, எந்த எழுத்துக்கூட்டல் ஏற்கப்படுகிறது என்பனவெல்லாம் யாரோ எடுக்கும் முடிவுகள். அம்முடிவுகளில் நமக்கு இடம் இல்லையென்றால், காகிதத்தில் தப்பிப் பிழைத்த பெயர்கூட இணையத்தில் தொலைந்துபோகக்கூடும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பல் பட்டியல் என்னும் முதல் சான்று

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் பண்ணையாள் முறை கடன் என்னும் பெயரில் தொடர்ந்தது. இதே காலத்தில்தான் மொரிசியஸ், நேட்டால், கரீபியத் தீவுகள், பிஜி ஆகிய இடங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறையில் சென்ற முதல் கப்பல் 1834 நவம்பர் 2 அன்று மொரிசியஸின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்கான முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911இல் நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களிலிருந்து அவர்கள் திரட்டப்பட்டனர்.

தோட்ட முதலாளிக்குக் கூலியை அடையாளம் காட்ட வேண்டியிருந்ததால், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதப்பட்டது. வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம், ஒப்படைக்கப்பட்ட தோட்ட உரிமையாளர் ஆகியவை அதில் அடங்கும். இது மனித நேயத்தால் பிறந்த ஆவணமன்று. சரக்குப் பட்டியலுக்கு நெருக்கமானது. ஆயினும், பட்டாவும் கல்வெட்டும் இல்லாத ஒரு பறையர் குடும்பத்துக்கோ மாலா, மாதிகா குடும்பத்துக்கோ, தம் முன்னோர் ஒருவரைத் தனி மனிதராக, தந்தை பெயரோடும் ஊரோடும் சுட்டும் முதல் எழுத்துச் சான்று பெரும்பாலும் இதுவேயாகும். கண்காணிப்புக்காக எழுதப்பட்டது, ஒரு நூற்றாண்டு கழித்து வரலாறாக நமக்குக் கிடைக்கிறது.

பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தக் கூலி ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. மொரிசியஸில் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடிவரவுப் பதிவேடுகளையும் கூலிகளின் நிழற்படங்களையும் பாதுகாக்கிறது. நேட்டால் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் பணியை, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் முன்னெடுத்தார். அந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் தம் ஆய்வு நூலை வெளியிட்டார்.

ஆவணம் இல்லாதோர்: மலையகத்தின் பாடம்

இத்தகைய பட்டியல் இல்லாதபோது என்ன நேரும் என்பதை இலங்கை மலையகம் காட்டுகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் கங்காணிகளால் திரட்டப்பட்டவர்கள். நேட்டாலைப் போலத் தனிமனித ஒப்பந்தமும் ஆளுக்கொரு வரியும் அங்கு வழக்கமாகவில்லை. கூலி, கங்காணியின் கடன் கணக்கில் ஓர் எண்ணாகவே இருந்தார். தோட்டங்களில் பிறந்த குழந்தைகளின் பிறப்புப் பதிவும் ஒழுங்காக நடைபெறவில்லை. இம்மக்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும் என்றது. காட்டை அழித்துத் தோட்டம் அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அதற்கான காகிதம் இல்லை. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974இல் பேசப்பட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்குத் தீர்வு காணும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஆகவே, வம்சாவளி ஆவணம் என்பது ஓய்வுநேர ஆர்வம் மட்டுமன்று. குடியுரிமையே அதில் தொங்கக்கூடும்.

இன்றும் அந்தத் தொடர்பு நீடிக்கிறது. இந்திய அரசு வழங்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கான தகுதி, மொரிசியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறைவரை விரிவாக்கப்படுவதாக 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒருவரை நிறுவ, கப்பல் பட்டியலையும் அதற்குத் தொடர்ச்சியான பிறப்பு, திருமணப் பதிவுகளையும் விட்டால் வேறு வழி அரிது.

காகிதம் தேடலாக மாறும் நான்கு படிகள்

முதற்படி, ஏட்டைப் படமெடுத்தல். இரண்டாம் படி, கையெழுத்தைப் படித்துத் தட்டச்சுச் செய்தல். மூன்றாம் படி, தட்டச்சுச் செய்ததைப் பத்திகளாகப் பிரித்து, ஒரே பொருளைக் குறிக்கும் வேறு வேறு வடிவங்களை இணைத்தல். நான்காம் படி, பொதுமக்கள் காணும் தேடல் பக்கத்தை அமைத்தல். பொதுவாக முதற்படியோடு பணி முடிந்ததாக விழா எடுக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் படங்களாக மட்டும் இணையத்தில் கிடந்தால், அவற்றைப் புரட்ட நேரமும் பயிற்சியும் உள்ள ஆய்வாளருக்கே அவை பயன்படும்.

ஒவ்வொரு படியிலும் இழப்பு நிகழ்கிறது. படமெடுக்கும்போது ஓரக்குறிப்பு வெட்டுப்படுகிறது. தட்டச்சில் மங்கிய எழுத்து ஊகிக்கப்படுகிறது. பத்திகளாகப் பிரிக்கையில் 'இதர குறிப்புகள்' கைவிடப்படுகின்றன. கூலி ஓடிப்போனது, தண்டிக்கப்பட்டது, இறந்தது, ஊர் திரும்பியது போன்ற செய்திகள் அப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். இறுதியில், தேடல் பக்கத்தில் 'பெயர்' என்று ஒரே பெட்டி வைக்கப்பட்டால், தந்தை பெயரும் ஊரும் தரவில் இருந்தும் இல்லாதவை ஆகின்றன. தந்தை பெயரைத் தேட முடியாதபோது, உடன்பிறந்த இருவர் வேறு வேறு கப்பல்களில் சென்றதை யாரும் கண்டறிய முடியாது.

பெயர் என்னும் சிக்கல்

சென்னைத் துறைமுகத்தில் தமிழ்ப் பெயரைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர், தம் காதுக்கு எட்டியதை எழுதினார். குப்புசாமி என்னும் ஒரே பெயரை ஒரு எழுத்தர் 'சி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவார். இன்னொருவர் 'கே' எழுத்தில் தொடங்குவார். முனுசாமி என்பது தென்னாப்பிரிக்காவில் 'மூன்சாமி' எனக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

எழுத்துக்கூட்டல் வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்ட, வம்சாவளித் தரவுத்தளங்கள் பலவும் சவுண்டெக்ஸ் என்னும் குறியீட்டு முறையைக் கையாள்கின்றன. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற முறை அது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யெழுத்துகளுக்கு எண் தருவது அதன் வழி. முனுசாமியும் மூன்சாமியும் அதில் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. ஆனால் 'சி' எழுத்தில் தொடங்கும் குப்புசாமியும் 'கே' எழுத்தில் தொடங்கும் குப்புசாமியும் வேறு வேறு குறியீட்டைப் பெறுகின்றன. சின்னசாமியின் நிலையும் அதுவே. முதல் எழுத்து மாறினால் முன்னோரே மாறிவிடுகிறார்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெயர்களுக்குச் சவுண்டெக்ஸ் பொருந்தாததைக் கண்ட யூத வம்சாவளி ஆய்வாளர்கள், 1985இல் தங்கள் பெயர்களுக்கென்றே டைட்ச்-மோகோடோஃப் முறையை உருவாக்கினர். அதில் முதல் எழுத்தும் எண்ணாகவே மாற்றப்படுகிறது. தமிழ், தெலுங்குப் பெயர்களுக்கும் அவ்வாறு ஒரு முறையை வகுப்பது, கணினி பயிலும் நம் மாணவர்களால் செய்யக்கூடிய பணியே.

ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. பட்டியலில் உள்ள வட ஆற்காடு மாவட்டம் இன்று இல்லை. அதன் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. எஞ்சியது பின்னர் பலமுறை பிரிக்கப்பட்டு, இன்று வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நிற்கிறது. பழைய மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றை இன்றைய நிர்வாக அமைப்போடு இணைக்கும் பட்டியல் இன்றேல், ஊர்ப்பெயர் கிடைத்தும் ஊர் கிடைக்காது.

1870 என்னும் சுவர்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் நமக்கு இரண்டு வகையில் வழிகாட்டுகிறது. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. அதில் உடைமையாளரின் பெயர் இருந்தது; அடிமைப்படுத்தப்பட்டோரின் வயதும் பாலும் நிறமும் இருந்தன; ஒருசில விலக்குகள் தவிர, அவர்களின் பெயர்கள் இல்லை. விடுதலைக்குப் பின் 1870இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவாயினர். அதற்கு முன்னே தேட இயலாததை '1870இன் சுவர்' என்றே அங்குள்ள வம்சாவளி ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

அச்சுவரில் ஒரு வாயிலைத் திறந்தவை 1865இல் அமைக்கப்பட்ட விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் ஏடுகள். தொழில் ஒப்பந்தம், திருமணப் பதிவு, உணவு வழங்கல், மருத்துவமனை, பள்ளி எனப் பலவகைப் பதிவுகள் அவற்றில் இருந்தன. ஆனால் அவை பெயர்வழித் தேடத்தக்கனவாக இல்லை. 2015 ஜூன் 19 அன்று, அடிமை விடுதலை நாளின் 150ஆம் ஆண்டில், அவற்றை அட்டவணைப்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 25,000க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்களைத் தேடத்தக்கனவாக மாற்றினர்.

இதிலிருந்து பெறும் முதல் பாடம், படி எடுப்பதைச் சமூகமே தன் கையில் எடுக்கலாம் என்பது. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படித்து எழுத, வேறுபட்ட இடத்தை மூன்றாமவர் முடிவு செய்தால் பிழை பெரிதும் குறையும். இரண்டாவது பாடம், ஒடுக்கப்பட்டவரைத் தேட ஒடுக்கியவரின் பெயரும் திறவுகோலாகும் என்பது. அங்கே அடிமை உடைமையாளர்; நேட்டாலில் தோட்ட முதலாளி. அந்தப் பத்தியையும் தேடலுக்குத் திறந்துவைத்தாக வேண்டும்.

சாதிப் பத்தி: மறைப்பதா, காட்டுவதா?

கப்பல் பட்டியலில் நம்மை நெருடுவது சாதிப் பத்தியே. பறையர் சமூகத்தைக் குறிக்க எழுத்தர்கள் இட்ட ஆங்கிலச் சொல், ஐரோப்பிய மொழிகளில் 'விலக்கப்பட்டவர்' என்னும் இழிபொருளில் இன்றும் வழங்குகிறது. முன்னோரின் பெயருக்கு அருகே அச்சொல்லைக் காணும் பேத்திக்கு அது காயமாகும். ஆகவே, அப்பத்தியை நீக்கிவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர் உண்டு. அதற்கு நாம் உடன்படவில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, வரலாற்று உண்மை. பிஜிக்குச் சென்ற வட இந்தியர்களின் 45,439 குடிபெயர்வுச் சீட்டுகளைக் கணினி வழி ஆராய்ந்த பிரிஜ் லால், குடிபெயர்ந்தோர் ஏதோ ஒரு விளிம்புக் கூட்டமல்லர், வட இந்திய ஊர்ச் சமூகத்தின் பல அடுக்குகளையும் சேர்ந்தவர்கள் என்பதை 1983இல் வெளியான நூலில் நிறுவினார். சாதிப் பத்தி இன்றி அது இயன்றிருக்காது. எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு தலித் மக்கள் பஞ்சத்தின்போது வெளியேறினர் என்ற கேள்விக்கும் அதுவே சான்று.

இரண்டாவது, அப்பத்தி ஒரு முகவரியும் ஆகும். பட்டியலில் எழுதப்பட்டிருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். அக்கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. சாதிப் பத்தியை நீக்கிவிட்டால், கடல் கடந்து வரும் கொள்ளுப்பேத்தி ஊர்த்தெருவில் தன் உறவைத் தேடி வெறுங்கையோடு திரும்புவாள். அவள் உறவினர் அரை மைல் தள்ளிக் குடியிருப்பர். இழிவாக எழுதப்பட்ட சொல்லே, அவளை உரிய தெருவுக்கு அழைத்துச் செல்லும் ஒரே குறிப்பாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, பொறுப்பு. சாதியை எழுதி வைத்தது காலனிய அரசு. அதைக் கடைப்பிடித்தது நம் சமூகம். சொல்லை அழித்தால் குற்றத்தின் தடயம் அழியும், குற்றம் அழியாது.

எனினும், அப்பத்தியில் எழுதப்பட்டது முழுதும் மெய்யென்று கொள்ளவும் கூடாது. எழுத்தர் தவறாகக் கேட்டிருக்கலாம். சாதிப் பெயருக்குப் பதிலாக மதத்தை எழுதியிருக்கலாம். குடிபெயர்ந்தவரே வேறு சாதியைச் சொல்லியிருக்கலாம். கப்பலேறுவதைச் சாதியிலிருந்து தப்பும் வழியாகவும் சிலர் கண்டிருப்பர். அவர் விரும்பி மாற்றிக்கொண்ட அடையாளத்தை இன்று யார் வேண்டுமானாலும் ஒரு தட்டலில் கலைப்பது நியாயமா என்ற கேள்வியும் எழுகிறது.

ஜப்பான் தரும் எச்சரிக்கை

இக்கேள்வி கற்பனையன்று. ஜப்பானில் புராக்கு மக்கள், சாதி போன்ற பிறப்புவழி ஒதுக்கலுக்கு ஆளானவர்கள். 1871இல் சட்டப்படி அவர்களின் தாழ்நிலை ஒழிக்கப்பட்டது. ஆனால் 1872இல் தொகுக்கப்பட்ட குடும்பப் பதிவேட்டில் அவர்களின் பழைய நிலையைக் காட்டும் குறிப்புகள் பல இடங்களில் இடம்பெற்றன. திருமணத்துக்கு முன்னும் வேலைக்கு எடுக்கும் முன்னும் அப்பதிவேட்டைத் துருவிப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. புராக்கு விடுதலை இயக்கத்தின் போராட்டத்தால் 1968இல் அப்பதிவேடு பொதுப் பார்வையிலிருந்து மூடப்பட்டது. 1975இல், புராக்குக் குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த பட்டியல் நூல்களை நிறுவனங்கள் கமுக்கமாக விலைக்கு வாங்கியது வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே குடும்பப் பதிவேடுகளைப் பார்ப்பதற்கான விதிகள் இறுக்கப்பட்டன.

2016இல் அதே வகைப் பட்டியல் இணையத்தில் தோன்றியது. 1930களில் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வின் ஊர்ப்பெயர்கள் தேடத்தக்க வடிவில் வெளியிடப்பட்டன. புராக்கு விடுதலைக் கழகமும் பாதிக்கப்பட்டோரும் வழக்குத் தொடர்ந்தனர். 2021இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் வெளியீட்டுக்குப் பெருமளவு தடை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் அமைதியாக வாழும் நலனைச் சட்டம் காக்கும் என்பதை ஏற்று, அத்தடையை மேலும் விரிவாக்கியது.

ஆவணக் காப்பகத்தின் தூசியில் கிடந்தபோது, அப்பட்டியலைத் தேடிச் செல்வது கடினமாக இருந்தது. தேடுபெட்டி அக்கடினத்தை நீக்குகிறது. மூதாதையரைத் தேடும் பேத்திக்கு மட்டுமன்று. வாடகைக்கு வீடு கேட்பவரின் சாதியை அறிய விரும்பும் வீட்டுக்காரருக்கும் அது நீங்குகிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, எந்த நிறுவனம் வம்சாவளி ஆவணங்களை இணையத்துக்கு மாற்றினாலும் பின்வருவனவற்றை நாம் வலியுறுத்த வேண்டும்.

ஒன்று, மூல ஏட்டின் படம் தட்டச்சு வரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். படித்தவர் செய்த பிழையைப் படிப்பவர் திருத்த இயல வேண்டும்.

இரண்டு, எழுத்தர் எழுதிய வடிவம் ஒரு பத்தியிலும், தமிழ் அல்லது தெலுங்கு வடிவம் மற்றொரு பத்தியிலும் இருக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்தல் கூடாது. தாய்மொழி எழுத்திலும் தேட முடிய வேண்டும்.

மூன்று, தந்தை பெயர், ஊர், வரிசை எண், கப்பல், தோட்ட உரிமையாளர் ஆகிய அனைத்தும் தேடலுக்குத் திறக்க வேண்டும். ஓரக்குறிப்புகளும் படி எடுக்கப்பட வேண்டும்.

நான்கு, சாதிப் பத்தி உள்ளபடியே படி எடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். முன்னோரைக் கண்டறிந்தவர் அந்த வரியைத் திறக்கும்போது, உரிய விளக்கக் குறிப்போடு அது தெரியலாம். மொத்த எண்ணிக்கைகள் ஆய்வுக்குத் திறந்திருக்க வேண்டும். ஆனால், சாதிப் பெயரைத் தட்டி அச்சாதியினரின் பெயர்ப்பட்டியலையும் இன்றைய குடும்பப் பெயர்களையும் மொத்தமாக எடுக்கும் வழி எவருக்கும் இருத்தல் ஆகாது.

ஐந்து, வாய்மொழி வரலாற்றைச் சேர்க்கும் இடம் வேண்டும். பாட்டி சொன்ன ஊர்ப்பெயரும் குலதெய்வத்தின் பெயரும், யார் சொன்னது என்ற குறிப்போடு, ஆவண வரிக்குக் கீழே இடம்பெறலாம்.

ஆறு, கட்டணம் கூடாது. கூலியாக அழைத்துச் செல்லப்பட்டவரின் பெயரை அவருடைய சந்ததியே விலைக்கு வாங்கும் நிலை ஏற்கத்தக்கதன்று.

ஏழு, இம்முடிவுகளை எடுக்கும் குழுவில், எவருடைய முன்னோர் அந்த ஏட்டில் உள்ளனரோ அவர்கள் அமர வேண்டும்.

கடைசியாகக் கூறியதே மற்ற ஆறுக்கும் அடிப்படை. 1860இல் சென்னைத் துறைமுகத்தில் வரிசையில் நின்றவரிடம், உன்னைப் பற்றி என்ன எழுதலாம் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய வரியை மறுபடி எழுதும் இக்காலத்தில், அவருடைய பேரப்பிள்ளைகளிடமேனும் கேட்டாக வேண்டும்.